மாங்கொட்டையும் லட்டு உறையும்

ஆனி, ஆடி மாதங்களில் சித்தூர்ச் சீமை வழியாகப் பிரயாணம் செய்வோர் இரண்டு மணங்களை அறிவர். ஒன்று, வரிசை வரிசையாக லாரிகளில் ஏறித் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லும் மாம்பழத்தின் மணம். மற்றொன்று, சாறு பிழிந்த பின் ஒதுக்கிய தோலும் கொட்டையும் வெயிலில் புளித்து எழுப்பும் நாற்றம். முன்னதற்கு விலை உண்டு. பின்னதற்கு விலை இல்லை என்பதோடு, அதை அப்புறப்படுத்துவதற்கே கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

சித்தூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் திருப்பதி. அங்கே தொல்லை வேறு வகையானது. மலைக்கு வரும் அடியார்கள் ஓராண்டில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர். அவர்கள் பெற்றுச் செல்லும் லட்டுகள் பன்னிரண்டு கோடிக்கு மேல். இத்தனை லட்டுகளும் ஏதேனும் ஓர் உறையில் இடப்பட்டே வீடு போய்ச் சேர வேண்டும். அந்த உறை நெய்யைக் கசியவிடலாகாது, வழியில் கிழியலாகாது, பயன் முடிந்த பின் மண்ணிலே கிடந்து நூற்றாண்டுகளுக்குத் தொல்லை தரவும் ஆகாது. ஒரு கழிவு இன்னொரு தொல்லைக்கு மருந்தாகுமா, அதாவது மாம்பழக் கழிவை மக்கும் பிளாஸ்டிக் தாளில் சேர்க்க இயலுமா, சேர்த்தால் யாருக்கு எவ்வளவு பயன் என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் பழத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டு கோடி டன்னுக்கு மேல் மாம்பழம் விளைகிறது. அதில் சாறு எடுக்கும் தொழிலுக்குப் பேர்போன இடங்கள் இரண்டு: ஆந்திரத்தில் சித்தூர், தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி. இரண்டு இடங்களிலும் ஆலைக்குப் போகும் முக்கியமான இனம் தோத்தாபுரி. நம்மவர் இதைக் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைப்பர். ஆந்திரத்தில் இதற்குக் கலெக்டர் மாங்காய் என்றொரு பெயரும் உண்டு! உண்பதற்கு இதை யாரும் முதலாவதாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் சதைப்பற்று மிகுதி, காய்ப்பு மிகுதி, தோல் தடித்துப் பயணத்தைத் தாங்கும். ஆதலால் ஆலைகளுக்கு இதுவே உகந்தது. பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, சதையைக் கூழாக்கி, சூடேற்றி, கிருமி நீக்கிய பைகளில் நிரப்பிப் பீப்பாய்களில் அனுப்பிவிடுகிறார்கள். புட்டியில் நாம் வாங்கிக் குடிக்கும் மாம்பழச் சாற்றில் பெரும்பகுதி இவ்வாறு வந்ததே.

இந்தப் பழத்தை நம்பி வாழும் குடியானவரின் நிலை என்ன? 2025-ஆம் ஆண்டு அதை நாடறியச் செய்தது. முந்திய ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கியிருந்தது. புதிய விளைச்சலோ மிகுந்து வந்தது. சில இடங்களில் தோத்தாபுரி கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் கட்டவில்லையென்று பழத்தைச் சாலையோரம் கொட்டிச் சென்றவர்கள் உண்டு. ஆந்திர அரசாங்கத்தார் கிலோ 12 ரூபாய் என்று விலை வகுத்து, அதில் 8 ரூபாயை ஆலைக்காரர் தரவேண்டும், மீதி 4 ரூபாயைத் தாங்கள் தருவதாக ஏற்றுக்கொண்டனர். ஆறரை லட்சம் டன்னுக்கு 260 கோடி ரூபாய். அண்டை மாநிலங்களிலிருந்து தோத்தாபுரி உள்ளே வரக்கூடாதென்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்க, கர்நாடக முதலமைச்சர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதும் அளவுக்குப் பிரச்சினை வளர்ந்தது. ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் அது குடும்பங்களின் வாழ்வைத் தொடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கழிவின் கதைக்கு வருவோம்.

ஆலைக்குள் நூறு டன் பழம் போனால், கூழாக வெளிவருவது ஏறத்தாழ ஐம்பத்தைந்து அறுபது டன்தான். மீதியெல்லாம் தோல், கொட்டை, நார். இனத்துக்கும் யந்திரத்துக்கும் தக்கபடி இக்கணக்கு கூடும், குறையும். இதைக் கழிவு என்று சொல்வது வழக்கமேயன்றி, பொருளின் குணத்தை நோக்கினால் அது தகாத பெயர். தோலின் உலர்ந்த எடையில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை பெக்டின் இருக்கிறது. பழப்பாகு உறைவதற்குக் காரணமான பொருள் இதுதான். கொட்டையை உடைத்தால் உள்ளிருக்கும் பருப்பில், உலர்ந்த நிலையில், பாதிக்கு மேல் மாவுச்சத்து. பத்தில் ஒரு பங்கு அளவில் கொழுப்பு. இந்தக் கொழுப்பு கொக்கோ வெண்ணெயை ஒத்தது. சாக்லேட்டில் சேர்க்கலாம் என ஐரோப்பியச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. இவையன்றி, தோலிலும் பருப்பிலும் துவர்ப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. வயிற்றுப்போக்குக்கு மாம்பருப்பை அரைத்துக் கொடுத்த நம் பாட்டிமார் நாடியது இத்துவர்ப்பையே. பஞ்ச காலங்களில் ஏழை மக்கள் இப்பருப்பை ஊறவைத்துத் துவர்ப்பைக் களைந்து, மாவாக்கி உண்டு உயிர் பிழைத்ததும் உண்டு. மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மாங்கொட்டையின் கொழுப்பையும் மாவையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

இனி, மாவிலிருந்து தாள் எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். சோற்றுக் கஞ்சி பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்தால் மெல்லிய ஏடு போல உரிந்து வருவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கூழ் வடாம் இடுகிற பெண்மணிகளுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மாவை நீரில் காய்ச்சும்போது மாவுமணிகள் வீங்கி வெடித்து, உள்ளிருந்த நீண்ட சங்கிலிகள் வெளிப்பட்டுக் கலக்கின்றன. துணியில் பரப்பிக் காயவைத்தால் நீர் போய், சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏடாக நிலைக்கின்றன. ஆனால் வடாம் நொறுங்கும், மடிக்க வராது. அதில் கொஞ்சம் கிளிசரினைச் சேர்த்துவிட்டால், அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவை நழுவ வழிசெய்கிறது. ஏடு வளைகிறது. மாவுச்சத்துப் பிளாஸ்டிக்கின் அடிப்படை இவ்வளவுதான். தொழிற்சாலைகளில் இதையே யந்திரத்தில் உருக்கி, குழாய் வழியாக ஊதிப் பையாக்குகிறார்கள். உறுதிக்காக வேறு மக்கும் பிளாஸ்டிக்குகளையும் கலப்பார்கள்.

பழக்கூழே ஏடாகும் என்பதற்கும் தெலுங்கு நாட்டில் சான்று இருக்கிறது. மாமிடி தாண்ட்ரா என்று அவர்கள் சொல்லும் மாம்பழ அடையைப் பாய்களின்மேல் பூச்சுப் பூச்சாகப் பூசி உலர்த்துகிறார்கள். அது உரிந்து வருவது பெக்டினின் செய்கை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆல்பனியிலுள்ள விவசாய இலாகா ஆராய்ச்சிக் கூடத்தில் 1990-களில் பழக்கூழைக் கொண்டு உண்ணத்தக்க ஏடுகள் செய்து காட்டினர். பிரேஸில் நாட்டு விஞ்ஞானிகள் 2009-இல் மாம்பழக் கூழ் ஏட்டில் மரநாரின் நுண்ணிழைகளைக் கலந்து அதை வலுப்படுத்தினர். ஆத்திரேயபுரத்துப் பாட்டியார் கேட்டால், இதற்கு இத்தனை யந்திரமா என்று சிரித்தாலும் சிரிப்பார்.

மாங்கொட்டை மாவையே நேரடியாகப் பயன்படுத்தியவர்கள் கராச்சி நகரத்து ஆராய்ச்சியாளர்கள். 2017-இல் அவர்கள் அம்மாவுக் கரைசலைத் தக்காளியின்மேல் பூசி வைத்துப் பார்த்தபோது, பூசாத தக்காளியைவிடப் பூசிய தக்காளி மெதுவாகப் பழுத்து, நெடுநாள் நின்றது. சித்தூரை அடுத்த மதனப்பள்ளி தென்னாட்டின் பெரிய தக்காளிச் சந்தை. மாங்கொட்டையும் தக்காளியும் இவ்வளவு அருகருகே குவியும் இடம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இருந்தும் அந்தச் சோதனை கராச்சியில் நடந்தது.

மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அவர்கள் மாந்தோலிலிருந்து சாரம் எடுத்து, மக்கும் ஏடு ஒன்றில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை சேர்த்தனர். சாரம் கூடக்கூட ஏட்டின் உறுதி கூடிற்று. நீராவி அதனூடே புகுவது குறைந்தது. தண்ணீரில் அது கரைவதும் குறைந்தது. ஆனால் நெகிழ்ச்சியும் உடன் குறைந்து, ஏடு விறைத்துப்போயிற்று. நூற்றுக்கு ஐந்து பங்கு சிறு அளவே. அதுவே பொருளின் குணத்தை மாற்றிவிட்டது. பழக்கழிவைத் தாளில் சேர்ப்பது குப்பையை ஒளித்துவைக்கும் தந்திரமன்று, சமையலில் உப்புச் சேர்ப்பது போன்ற காரியம் என்பது இதனால் விளங்கும்.

எனினும், அந்த ஆய்வைப் பெயர்த்தெடுத்துத் திருப்பதிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. மலேசியர் எடுத்துக்கொண்ட அடிப்படைப் பொருள் மீனிலிருந்து கிடைக்கும் ஜெலாட்டின். திருமலையில் பிரசாதம் வைக்கும் உறைக்கு அது உதவுமா? விஞ்ஞானம் எங்கும் ஒன்றே. ஆனால் அதன் பயன் ஊருக்கு ஊர் வேறுபடும். நமக்கு வேண்டியது மாவுச்சத்து, பெக்டின் போன்ற தாவரப் பொருளை அடிப்படையாகக் கொண்ட தாள். அதில் தோலின் சாரம் ஜெலாட்டினில் போலவே நடந்துகொள்ளுமா என்பதைத் தனியே சோதித்தறிய வேண்டும். திருப்பதியில் 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இருக்கிறது; பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது; 2015-இல் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இத்தகைய சோதனைக்கு வேண்டிய கருவிகளைத் தேடி வெளியூர் போகவேண்டிய அவசியம் இல்லை.

லட்டு உறைக்கு மாந்தோலின் சாரம் ஏன் பொருத்தமாக அமையும்? லட்டுவின் எதிரி காற்று. நெய்யிலுள்ள கொழுப்பு காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மெல்ல மாறிச் சிக்குவாடை கொள்கிறது. வெண்ணெய் உருக்கும்போது நம் வீடுகளில் முருங்கைக்கீரையோ வெற்றிலையோ போடுகிறோம். அந்த இலைகளின் துவர்ப்புப் பொருள்கள் காற்றின் தாக்குதலைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு கொழுப்பைக் காக்கின்றன. மாந்தோலிலும் மாம்பருப்பிலும் உள்ளவை அதே இனத்தைச் சேர்ந்த பொருள்கள். அவற்றை உறையிலேயே சேர்த்துவிட்டால், உறை வெறும் போர்வையாக இல்லாமல் காவலும் செய்யும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களையும் அவை தடுக்கின்றன. இதற்கு விலையாக நாம் தாளின் வெண்மையை இழக்க வேண்டிவரும். அது தேன் நிறமோ பழுப்போ அடையும். தொன்னையிலும் மந்தாரை இலையிலும் பிரசாதம் வாங்கிப் பழகிய நமக்குப் பழுப்பு நிறத்தில் என்ன குறை?

திருமலையில் மக்கும் உறை புதிய விஷயமன்று. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஐதராபாத்தில் மக்காச்சோள மாவுச்சத்தைக் கொண்டு உருவாக்கிய பைகளைத் தேவஸ்தானத்தார் 2021 ஆகஸ்டு மாதம் லட்டு விற்கும் இடத்திலேயே விற்பனைக்கு வைத்தனர். மூன்று மாதங்களில் மக்கிவிடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து திருமலையில் பிளாஸ்டிக்குக்கு முழுத்தடை வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி நாடெங்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. மலையைச் சுற்றிலும் சேஷாசலக் காடு. 2010-இல் அது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. மானும் குரங்கும் திரியும் இடம். அங்கே பறக்கும் ஒவ்வொரு பாலிதீன் பையும் ஏதேனும் ஒரு பிராணியின் வயிற்றுக்குப் போகக்கூடியது. ஆகவே, சந்தையும் தயார், சட்டமும் தயார். மக்காச்சோளத்தின் பக்கத்தில் மாங்கொட்டைக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்பதே கேள்வி. மாம்பழ மணம் வீசும் பை குரங்கை விரட்டுமா, அழைக்குமா என்பதையும் யாராவது சோதித்துப் பார்ப்பது நல்லது!

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். இவை துல்லியமான எண்கள் அல்ல. அளவை உணர்வதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள். ஓர் உறைக்கு இரண்டு லட்டு, ஓர் உறையின் எடை ஐந்து கிராம் என்று கொண்டால், பன்னிரண்டு கோடி லட்டுக்கு ஆறு கோடி உறை, அதாவது 300 டன் தாள். இதில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாந்தோல் பொடி சேர்த்தால், ஆண்டு முழுமைக்கும் தேவை 15 டன். நாளொன்றுக்கு நூறு டன் பழம் அரைக்கும் ஓர் ஆலையில் பதினைந்து டன் ஈரத்தோல் விழும். உலர்ந்தால் மூன்று டன்னாவது நிற்கும். ஆக, ஒரே ஓர் ஆலை ஐந்து நாளில் தள்ளும் தோல் திருமலையின் ஓராண்டுத் தேவைக்குப் போதும்!

தோலைச் சேர்மானமாக இடுவதால் கழிவு மலை கரைந்துவிடும் என்று கருதுவோர்க்கு இந்தக் கணக்கு ஏமாற்றம் தரலாம். நமக்கோ இது தெளிவு தருகிறது. பருப்பின் மாவைத் தாளின் அடிப்படையாகவே கொண்டால் கதை மாறும். 300 டன் தாளில் 180 டன் மாவு என்று வைப்போம். நூறு டன் பழத்தில் பதினெட்டு டன் கொட்டை. அதில் பத்து டன் ஈரப்பருப்பு. காய்ந்தால் ஐந்து டன். மாவு இரண்டரை டன். அப்படியானால் 180 டன்னுக்கு எழுபத்திரண்டு நாள் அரைவை வேண்டும். ஏறக்குறைய ஓர் ஆலையின் ஒரு பருவம் முழுவதும். மாவாக எடுத்தால் கழிவு நிறையச் செலவாகும். சாரமாக எடுத்தால் கொஞ்சமே செலவாகி அதிகப் பயன் தரும். நல்ல ஏற்பாடு எதுவெனில், பருப்பிலிருந்து முதலில் கொழுப்பையும், பின் துவர்ப்புச் சாரத்தையும், கடைசியில் வெள்ளை மாவையும் எடுப்பதே. மாவை வெளுக்கக் கழுவும்போது வீணாக நீரோடு போகும் துவர்ப்புத்தான் உறைக்கு வேண்டிய காவற்பொருள் என்பதை மறக்கலாகாது. சேலத்து ஜவ்வரிசித் தொழிலில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் மாவைப் படியவிடும் முறை நாமறிந்ததே. அதே அறிவு இங்கும் உதவும்.

குடியானவருக்கு வருவோம். ஒரு டன் பழத்தில் உலர்ந்த பருப்பு ஏறத்தாழ ஐம்பது கிலோ. கிலோ இருபது ரூபாய்க்கு அது விலைபோவதாகவே கொள்வோம். ஆயிரம் ரூபாய், பழத்தின் ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய். உடைப்பதற்கும் உலர்த்துவதற்கும் ஆகும் செலவைக் கழித்தால் அரை ரூபாயோ, கால் ரூபாயோ மிஞ்சும். அதுவும் ஆலைக்காரர் கையில்தான் மிஞ்சும். தோட்டத்துக்கு வருமா என்பது பேரத்தைப் பொறுத்தது. அற்பத் தொகை என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பழமே ஐந்து ரூபாய்க்கு விற்ற ஆண்டில் அரை ரூபாய் பத்தில் ஒரு பங்கு அல்லவா? கொட்டைக்கும் தோலுக்கும் தனி விலை உண்டென்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுவதற்கு விவசாயிகளின் சங்கங்கள் முன்கூட்டியே கேட்டாலன்றி, அந்தப் பணம் ஆலை வாயிலைத் தாண்டாது என்பது எம் கருத்து.

இவ்வளவும் ஒரே ஒரு தடையில் வந்து முட்டுகிறது. அது ஈரம். தோல் ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். ஈரக்கொட்டையை மூட்டையில் கட்டிவைத்தால் பருப்பில் பூசணம் பிடிக்கும், கொழுப்பு கெடும், சில பூசணங்கள் நஞ்சும் கக்கும். உணவைத் தொடும் உறைக்கு அத்தகைய பருப்பு உதவாது. பழம் வருவதோ இரண்டு மூன்று மாதங்கள். அந்த நாள்களிலேயே தென்மேற்குப் பருவத்து மேகங்களும் வந்துபோகும். ஆகையால் ஆராய்ச்சிக் கூடத்தின் அருமையான தாளைவிட, ஆலையின் பின்புறத்தில் அன்றன்றைக் கழிவை அன்றன்றே உலர்த்தும் ஒரு கொட்டகையே முதல் தேவை. ஆலைகளில் பழக்கூழைச் சூடாக்கக் கொதிகலன் எரிகிறது. அதிலிருந்து வீணாகப் போகும் வெப்பத்தை உலர்த்தும் அறைக்குத் திருப்பலாம். மாங்கொட்டையின் ஓட்டையே விறகாகவும் எரிக்கலாம். தோலில் பூச்சிமருந்தின் எச்சம் தங்கியிருக்கக் கூடுமாதலால், நன்கு கழுவிய பழத்தின் தோலையே எடுக்க வேண்டும். எடுத்ததையும் சோதிக்க வேண்டும். உணவுப் பொருளைத் தொடும் உறைகளுக்கென 2018-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன.

மற்றொரு எச்சரிக்கையும் அவசியம். ‘பழக்கழிவு சேர்ந்தது’ என்பதும் ‘மக்கும்’ என்பதும் ஒரே பொருளுடைய சொற்கள் அல்ல. சாதாரணப் பாலிதீனில் மாவைக் கலந்து ‘மக்கும் பை’ என்று விற்கும் யோசனை 1970-களிலேயே பிறந்தது. மண்ணிலுள்ள கிருமிகள் மாவை மட்டும் தின்றன. மிஞ்சிய பாலிதீன் பொடிப்பொடியாகச் சிதறிற்று. கண்ணுக்குப் பை மறைந்தது, மண்ணுக்கு மறையவில்லை. மாந்தோலைப் பாலிதீனில் தூவினாலும் இதுவே நடக்கும். வெயிலில் தாமே உடையும்படி மருந்து சேர்த்த பிளாஸ்டிக்குகளை ஐரோப்பிய நாடுகள் 2021 ஜூலை முதல் விலக்கிவிட்டதும் இதுபோன்ற காரணத்தால்தான். நம் நாட்டில் மக்கும் பைக்கு உரிய தர நிர்ணயம் 58 டிகிரி வெப்பமுள்ள உரக்குவியலில் அதைச் சோதிக்கிறது. ஆறு மாதத்துக்குள் அதன் கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரியமில வாயுவாக மாற வேண்டும். அத்துடன், அப்பையைச் செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் பெற வேண்டும். 58 டிகிரி வெப்பம் பெரிய உரக்கிடங்கில் கிடைக்கும். மலைச்சரிவில் எறிந்த பைக்குக் கிடைக்காது. ஆகவே மக்கும் உறையையும் சேகரித்து உரக்கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான், அச்சிட்ட மூன்று மாதக் கணக்கு உண்மையாகும். மாவுச்சத்து மிகுந்த ஏடுகள் சாதாரண மண்ணிலும் விரைவில் அழியும். ஆனால் அவையே புரட்டாசி மழையில் கையிலேயே நெகிழ்ந்துவிடக் கூடியவை. இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பதற்குத்தான் மாங்கொட்டையின் கொழுப்பும் தோலின் சாரமும் துணைபுரிகின்றன. கொழுப்பு நீரை விலக்கும். சாரம் சங்கிலிகளை இறுக்கும். அளவு மிஞ்சினால் தாள் வெடிக்கும்.

கையில் வந்த பை உண்மையில் எத்தகையது என்று நேயர்கள் சிலர் அறிய விரும்பலாம். புண்ணுக்குத் தடவும் டிங்சர் அயோடினில் ஒரு துளியை அதன்மேல் விட்டால், மாவுச்சத்து இருக்குமிடத்தில் கருநீலம் தோன்றும். மாவு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பாலிதீன் இல்லை என்பதற்கு அது சாட்சியன்று. அதற்குப் பையின் ஒரு துண்டைப் பூந்தொட்டி மண்ணில் நாலு விரல் ஆழத்தில் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே அதே அளவு காகிதத் துண்டு ஒன்றையும் புதைத்து வைக்கலாம். காகிதம் போன பிறகு பை என்னவாயிற்று என்று தோண்டிப் பார்க்கலாம். மெல்லிய சல்லடையில் மண்ணைச் சலித்தால் எஞ்சிய துணுக்குகள் தென்படும். இது வீட்டுச் சோதனையே; தர நிர்ணயத்துக்கு ஈடாகாது. உரக்குவியலின் வெப்பத்தில்தான் மக்கும் நல்ல பை ஒன்றும் இதில் தேறாமல் போகக்கூடும். ஆயினும் வீட்டு மண்ணில், காட்டு மண்ணில் அந்தப் பை என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தத் தொட்டியே விடை சொல்லும்.